அஸுமி என்றால் ஊரா, வீட்டுப் பெயரா, குலமா?

ஜப்பான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு 'அஸுமி' என்ற பெயரைத் தேடத் தொடங்கினால் சீக்கிரமே குழம்பிப்போவோம். நாகானோ மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு சமவெளியில், அஸுமினோ என்றொரு நகரம் இருக்கிறது. அதற்கு வடக்கே கிதா-அஸுமி என்றொரு மாவட்டம். கிதா என்றால் வடக்கு. அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, பிவா ஏரியின் மேற்குக் கரையில் ஒரு ரயில் நிலையம். பெயர்ப்பலகையில் அஸுமிக்கு எழுதும் அதே இரண்டு எழுத்துகள், கூடவே 'ஆறு' (நதி) என்ற எழுத்து. ஆனால் அதை வாசிப்பதோ 'அதோகவா'. செய்தித்தாளைப் புரட்டினால் அஸுமி என்ற குடும்பப் பெயரோடு ஓர் அரசியல்வாதி. பெண் குழந்தைக்கும் அஸுமி என்று பெயர் வைக்கிறார்கள். போதாக்குறைக்கு, 1300 ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூல்களில் அதே பெயரில் ஒரு கடலோடிக் கூட்டம் படகோட்டிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் ஒரே பெயர்தானா, இல்லை ஒரே மாதிரி ஒலிக்கும் வேறுவேறு பெயர்களா? பாதி அப்படி, பாதி இப்படி. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெயர்கள் அங்கே எப்படி உருவாகி எப்படிக் கைமாறின என்று தெரிந்தால் போதும்.

முதலில் உச்சரிப்பு. நடுவில் வரும் 'ஸு'வுக்குத் தமிழில் சரியான எழுத்து கிடையாது. தேனீ ரீங்கரிப்பதுபோல் தொண்டையிலிருந்து அதிர்வோடு வரும் ஒலி அது. 'ஸ'வுக்கும் 'ஜ'வுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. பழங்காலத்தில் 'து'வை ஒட்டியும் ஒலித்திருக்கிறது. அதோகவாவில் அந்த 'த' எட்டிப் பார்ப்பதைக் கவனியுங்கள்.

அடுத்து எழுத்து. ஜப்பானியர்கள் சீன எழுத்துகளைக் கடன் வாங்கி எழுதுகிறார்கள். கான்ஜி என்று பெயர் (நம் கஞ்சி அல்ல). ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. ஆனால் எழுத்து வந்து சேர்வதற்கு முன்பே ஊர்களுக்கும் ஆட்களுக்கும் பெயர் இருந்தது. வாயில் இருந்த பெயருக்குப் பொருத்தமாக ஒலிக்கும் எழுத்துகளைத் தேடிப்பிடித்து ஒட்டவைத்தார்கள். அப்புறம் 713இல் அரசாணை ஒன்று வந்தது: நாடு, மாவட்டம், ஊர்ப் பெயர்களை எல்லாம் நல்ல பொருள் தரும் எழுத்துகளால் எழுதவேண்டும் என்று. பெயருக்கு இரண்டே எழுத்து என்பதும் வழக்கமானது. மூன்று நான்கு எழுத்தில் இருந்த பெயர்களை வெட்டினார்கள், ஒற்றை எழுத்துப் பெயர்களை இழுத்தார்கள், ஒலி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மங்கலமான எழுத்து கிடைத்தால் அதையே வைத்தார்கள்.

அஸுமி ஊருக்கு இன்று எழுதும் முதல் எழுத்துக்குப் பொருள் 'அமைதி', இரண்டாவதற்கு 'மேகமூட்டம்'. யாராவது இதை வைத்து 'அமைதியான மேகங்களின் பூமி' என்று கவிதை பாடினால் ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள், நம்பவேண்டாம். சுற்றுலா விளம்பரத்துக்கு அது நன்றாக இருக்கும். பெயரின் பொருள் எழுத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது.

அந்த ஒலி என்ன சொல்கிறது? பழைய ஜப்பானியத்தில் 'அமா' என்றால் கடலில் பிழைப்பவர்கள்: மீன் பிடிப்பவர், உப்புக் காய்ச்சுபவர், மூழ்கிச் சிப்பி எடுப்பவர் எல்லோரும் அதில் அடக்கம். கடல் தெய்வத்தின் பெயர் வதாத்ஸுமி. வதா என்றால் கடல். 'த்ஸு' என்பது 'உடைய' என்ற வேற்றுமை. 'மி' என்றால் ஆவி, சக்தி. இதே அச்சில் 'அமா-த்ஸு-மி' என்று இருந்தது சுருங்கி அஸுமி ஆனது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். கடைசிப் பகுதியை 'ஆள்பவர்' என்று எடுத்து, கடலோடிகளின் தலைவர் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் உள்ளே கடல் இருக்கிறது.

712இல் தொகுத்த கோஜிகி என்ற நூலும் இந்தப் பக்கமே நிற்கிறது. இஸானாகி என்ற ஆதி தெய்வம் இறந்தவர்களின் உலகத்துக்குப் போய்வந்த தீட்டைக் கழிக்க நீரில் முழுகும்போது, அடிநீரில் ஒன்று, நடுநீரில் ஒன்று, மேல்நீரில் ஒன்று என மூன்று கடல் தெய்வங்கள் பிறக்கின்றன. அஸுமி குலத்தார் வணங்கும் மூதாதைகள் இவர்களே என்று கோஜிகி சொல்கிறது.

இங்கே குலம் என்று எழுதினேன். ஜப்பானிய மொழியில் அது 'உஜி'. இந்தச் சொல் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. உஜி என்பது தனி மொழியும் தனிப் பழக்கவழக்கமும் கொண்ட இனம் அல்ல. ஒரு பொது மூதாதையைச் சொல்லிக்கொண்டு, அரசவையில் ஒரு குறிப்பிட்ட வேலையைப் பரம்பரையாகச் செய்துவந்த கூட்டம். போர் ஒரு உஜிக்கு, பூசை ஒரு உஜிக்கு, கடல் அஸுமிக்கு. இன்றைய சுற்றுலாக் கையேடுகளில் 'பழங்கால அஸுமி இனம்' என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் அது பிற்காலத்துப் பேச்சு.

உஜிக்குக் கீழே 'பே' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு குலத்துக்கு உழைத்து வரி கட்டிய ஊர்மக்களின் குழு அது. அஸுமி குலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அஸுமிபே. ஒருவர் பெயரில் அஸுமிபே என்று இருந்தால் அவர் தலைவர் வீட்டு ரத்த உறவு என்று ஆகாது. தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்தவராகவோ துணி நெய்தவராகவோ இருக்கலாம். பெயர் பரவியதில் பெரும்பங்கு இந்தப் 'பே'வுக்கு உண்டு. குலத்தலைவர்கள் தலைநகரில் இருக்க, பெயர் மட்டும் உழைப்பவர்களோடு நாடெங்கும் நடந்துபோனது.

கடல் குலம் அரசவையில் என்ன செய்தது? 720இல் எழுதிய நிஹோன் ஷோகி, ஓஜின் என்ற பேரரசர் காலத்தில் கடலோடிகள் கலகம் செய்தபோது அஸுமி முன்னோர் ஒருவர் போய் அடக்கி, அவர்களுக்குத் தலைவரானார் என்கிறது. அதே நூலில் இன்னொரு கதை. ஓர் இளவரசனின் கலகத்தில் சேர்ந்துகொண்ட ஹமாகோ என்ற அஸுமிக்காரருக்கு மரண தண்டனையைக் குறைத்து, முகத்தில் பச்சை குத்தும் தண்டனை கொடுத்தார்கள். அந்தக் குறியை மக்கள் 'அஸுமிக் கண்' என்று சொன்னார்களாம். கடலில் மூழ்குபவர்கள் கண்ணோரம் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும், அதற்குக் காரணம் சொல்லப் பின்னால் கட்டிய கதை இது என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. தண்டனைக் குறிக்கு ஒரு குலத்தின் பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளாது.

வரலாற்று வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும் அஸுமிக்காரர் ஹிராஃபு. கொரியாவில் பெக்ஜே நாடு வீழ்ந்ததும் அதன் இளவரசரை அரியணையில் அமர்த்தி நாட்டை மீட்க ஜப்பான் கிளம்பியது. 662இல் 170 கப்பல்களோடு இளவரசரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இந்த ஹிராஃபு. அடுத்த ஆண்டு, 663இல், ஹகுசுகினோஎ என்ற ஆற்று முகத்துவாரத்தில் சீனாவின் தாங் படையிடம் ஜப்பானியக் கடற்படை மொத்தமாகத் தோற்றது. (அதே காலத்தில் வடக்கே படையெடுத்துப் போன இன்னொரு ஹிராஃபுவும் உண்டு, அவர் அபே குலம். இருவரையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.)

கடற்படைக்குப் பிறகு அஸுமி குலத்தை நாம் பார்ப்பது, நம்பமாட்டீர்கள், சமையலறையில். மீனும் சிப்பியும் உப்பும் அனுப்பி வந்த குலம் என்பதால் பேரரசரின் உணவைக் கவனிக்கும் அலுவலகத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. தகஹாஷி என்ற இன்னொரு குலத்துக்கும் அதே பதவி. சடங்குகளில் உணவை ஏந்திப் போகும்போது யார் முன்னால் நடப்பது என்று இரண்டு குலத்துக்கும் பல பத்தாண்டுகள் சண்டை. கடைசியில் தீர்ப்பு தகஹாஷிக்குச் சாதகமாக வந்தது. அஸுமி குலத்து அதிகாரி ஆணையை மதிக்காமல் சடங்கிலிருந்து எழுந்து போய்விட்டார். 792இல் அவரை சாதோ தீவுக்கு நாடு கடத்தினார்கள். 170 கப்பல் நடத்திய குலத்தின் அரசவை வாழ்க்கை தட்டு தூக்கும் வரிசையில் நடந்த தகராறில் சரிந்தது. கோவில் முதல் மரியாதைச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

சரி, இப்போது மலைக்கு வருவோம். கடல் குலத்தின் பெயர் கடலே இல்லாத நாகானோவுக்கு எப்படிப் போனது?

நாரா நகரில் தோதாய்ஜி ஆலயத்தை ஒட்டி ஷோசோஇன் என்ற பழைய மரக் கருவூலம் இருக்கிறது. அதில் காப்பாற்றி வைத்த பொருள்களில் ஒரு சணல் துணியும் உண்டு. வரியாகக் கட்டிய துணி அது. யார் கட்டியது, எந்த ஊர், யார் சரிபார்த்தது என்று துணியின் மேலேயே மையால் எழுதியிருக்கிறார்கள், இன்றைய ரசீது மாதிரி. ஷினானோ நாடு (நாகானோவின் பழைய பெயர்), அஸுமி மாவட்டம் என்று தொடங்குகிறது அது. கட்டிய குடும்பத்தலைவர் ஓர் அஸுமிபே. அவருடைய சொந்தப் பெயரை எழுதிய எழுத்துகளில் 'செம்மறியாடு' வருகிறது. சரிபார்த்த மாவட்ட எழுத்தரும் அஸுமிபேதான். அவர் பெயருக்கு 'நூறு பறவை' என்ற எழுத்துகள். ஆண்டு 764. வரி கட்டியவரும் வாங்கியவரும் ஒரே 'பே'யைச் சேர்ந்தவர்கள், ஊருக்கும் அதே பெயர். மலைநாட்டில் அந்தப் பெயர் அப்போதே வேர்விட்டிருந்தது என்பதற்கு இந்தத் துணியைவிட நல்ல சாட்சி கிடையாது.

எந்த வழியாக வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்பதெல்லாம் ஊகம். ஜப்பான் கடற்கரையில் இதோய்கவாவிலிருந்து ஹிமேகவா ஆற்றை ஒட்டி மேலே ஏறினார்கள் என்பது ஒரு கருத்து. பின்னாளில் அதே பக்கமாகத்தான் சுமார் 120 கி.மீ. நீளமுள்ள உப்புப் பாதை மத்ஸுமோதோ வரை போனது. ஆகவே வழி நம்பும்படியாகவே இருக்கிறது. 527இல் தெற்கே கியூஷூ தீவில் இவாய் என்ற உள்ளூர்த் தலைவர் நடத்திய கலகத்துக்குப் பின் தப்பி ஓடிவந்தவர்கள் என்று சொல்வோரும் உண்டு. அதற்குச் சணல் துணி மாதிரி ஒன்றும் கையில் இல்லை.

அஸுமினோவில் ஹொதாகா ஆலயம் இருக்கிறது. அங்கே முதன்மையான தெய்வம் ஹொதாகமி. 815இல் தொகுத்த குலப் பட்டியல் ஒன்று, அஸுமி குலம் கடல் தெய்வத்தின் மகனான ஹொதாகமியின் வழிவந்தது என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த ஆலயத்தின் உட்கோவில் கமிகோச்சி பள்ளத்தாக்கில் மியோஜின் குளக்கரையில்; உச்சிக் கோவில் 3190 மீட்டர் உயரமுள்ள ஒகு-ஹொதாகா சிகரத்தில். ஜப்பானின் மூன்றாவது உயரமான மலையுச்சியில் கடல் தெய்வத்தின் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது!

செப்டம்பர் 27ஆம் தேதி அந்த ஆலயத்தில் படகுத் திருவிழா. நம் தேர் அளவுக்கு, சுமார் 6 மீட்டர் உயரத்தில் படகு வடிவ வண்டிகளைக் கட்டுகிறார்கள். மரச்சட்டத்தின் மேல் கிமோனோ துணிகளைச் சுற்றி, தளத்தில் வரலாற்றுக் காட்சிகளைப் பொம்மைகளாக நிறுத்தி, ஆலய வளாகத்துக்குள் இழுத்து வந்து, பெரிய படகுகள் இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடுவார்கள். ஹகுசுகினோஎ போரில் இறந்த ஹிராஃபுவின் நினைவு நாள் என்பது ஆலய மரபு. அவர் அங்கே இறந்தார் என்று நிஹோன் ஷோகி சொல்லவில்லை. ஆனால் போர் நடந்த நாள் பழைய நாட்காட்டியில் எட்டாம் மாதம் 27, அந்த இருபத்தேழு இன்றும் அப்படியே இருக்கிறது.

ஊர்ப் பெயர்கள் நிலையானவை என்று நினைத்தால் 2005ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஏப்ரலில் அஸுமி என்ற கிராமம் மத்ஸுமோதோ நகரத்தோடு சேர்ந்து தனி ஊர் என்ற நிலையை இழந்தது. கமிகோச்சி அந்தக் கிராமத்தில்தான் இருந்தது. அக்டோபர் 1ஆம் தேதி வேறு ஐந்து ஊர்கள் ஒன்றாகி அஸுமினோ நகரம் பிறந்தது. தெற்கு அஸுமி மாவட்டம் அதோடு இல்லாமல் போனது. இன்று வஸாபி என்ற காரச் செடியின் தோட்டம் பார்க்கப் போகிறவர் இறங்கும் அஸுமினோ, நகரமாக இருபது வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறது. பெயர் பழசு, எல்லைக்கோடு புதுசு.

ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. ஐச்சியில் அத்ஸுமி தீபகற்பம், யாமகதாவில் அத்ஸுமி வெந்நீர் ஊற்று, ஷிஸுஒகாவில் அதாமி என்று கடலோரமாக நிறையப் பெயர்கள். எல்லாம் அஸுமி கடலோடிகள் விட்டுப்போன தடம் என்று வரிசையாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அத்ஸுமி தீபகற்பத்தைப் பொறுத்தவரை அது நடந்திருக்கலாம். ஆனால் யாமகதா அத்ஸுமியை எழுதுவது 'வெதுவெதுப்பு, கடல்' என்ற எழுத்துகளால், அதாமியை 'சூடு, கடல்' என்ற எழுத்துகளால். இரண்டுமே வெந்நீர் ஊற்றுள்ள ஊர்கள், வெந்நீர் கடலில் கலந்ததால் வந்த பெயர் என்பார்கள். கண்ணெதிரே காரணம் ஆவி பறக்கும்போது குலத்தை இழுத்து வருவானேன்?

எழுத்தை நம்பாதே என்று முதலில் சொல்லிவிட்டு இப்போது எழுத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறானே என்று நீங்கள் கேட்கலாம். எழுத்து தனியாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஊரின் நிலமும் பழைய ஆவணமும் அதே பக்கம் நின்றால் நம்பலாம்.

அதோகவா இதற்கு நேர் எதிர். எழுத்து அஸுமி, வாசிப்பு வேறு. அது பிவா ஏரியில் விழும் ஓர் ஆற்றின் பெயர். அந்த ஆற்றங்கரை மூங்கிலில் விசிறிக் காம்பு செய்வது அந்தப் பக்கத்துத் தொழில். பழைய அஸுமிக் குழு ஒன்று ஏரிக்கரையில் குடியேறியது, அந்த ஒலி உள்ளூர் நாக்கில் தேய்ந்து 'அதோ' ஆனது, எழுத்து மட்டும் அப்படியே நின்றது என்று விளக்குகிறார்கள்.

குடும்பப் பெயருக்கு வருவோம். இங்கே பலர் சறுக்குவார்கள். குலப் பெயர் உஜி. இன்றைய குடும்பப் பெயர் 'மியோஜி'. இரண்டும் வேறு. இடைக்காலத்தில் நிலம் வைத்திருந்த வீரர்கள் தாங்கள் இருந்த ஊரின் பெயரை வீட்டுப் பெயராக்கிக்கொண்டார்கள். ஊருக்கோ அந்தப் பெயர் குலத்திடமிருந்து வந்திருக்கும். ஆக, அஸுமி என்ற ஊரில் இருந்ததால் அஸுமி ஆன குடும்பத்துக்கும் கடலோடிகளுக்கும் ரத்தத்தில் ஒரு சொட்டுத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். சாதாரண மக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே தீரவேண்டும் என்ற சட்டம் வந்ததோ 1875இல்தான். அப்போது ஊர், ஆறு, வயல், மரம் என்று கைக்கு எட்டியதை வைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

2011இல் நிதியமைச்சரான அஸுமி ஜுன் தன் பெயரை எழுதுவது 'அமைதி, குடியிருத்தல்' என்ற எழுத்துகளால். ஒலி ஒன்று, எழுத்து வேறு. 'அமைதி, குவியல்' என்று எழுதும் இன்னொரு பெயர் இருக்கிறது. சில குடும்பங்கள் அதை அஸுமி என்கின்றன, சில அஸாகா என்கின்றன. புகுஷிமாவில் அதே எழுத்துள்ள ஊர் அஸாகாதான். நேரில் கேட்காமல் ஜப்பானியப் பெயரை வாசிக்கக்கூடாது என்று ஜப்பானியர்களே சொல்வதற்கு இதுதான் காரணம். வருகை அட்டையில் வாசிப்பைத் தனியாகச் சின்ன எழுத்தில் போடுவதும் இதற்காகவே. இன்னும் ஒரு படி மேலே போனால், புகழ்பெற்ற நடிகர் அத்ஸுமி கியோஷி. அவர் பெயரிலிருந்து அஸுமி குலத்துக்குப் பாலம் கட்டலாமா? கட்டலாம், ஆனால் அவருடைய பிறப்புப் பெயர் ததோகொரோ. அத்ஸுமி மேடைக்காக வைத்துக்கொண்டது.

அப்படியானால் குலமும் குடும்பமும் இடமும் ஒன்றாகவே இருக்கும் இடம் எங்கேயும் இல்லையா? ஒன்று இருக்கிறது. கியூஷூவில் ஹகாதா வளைகுடாவின் வாயில் ஷிகா என்ற சிறு தீவு. நீண்ட மணல்திட்டு ஒன்று அதை நிலத்தோடு கட்டிவைத்திருக்கிறது. 1784இல் அந்தத் தீவில் ஒரு தங்க முத்திரை கிடைத்தது. கி.பி. 57இல் சீனப் பேரரசர் இந்தப் பகுதி அரசன் ஒருவனுக்குக் கொடுத்ததாகக் கருதப்படும் முத்திரை அது. ஒரு பக்கம் 2.3 செ.மீ.தான், எடையோ 108 கிராம். இப்போது ஃபுகுஒகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தீவில் ஷிகா கடல் ஆலயம். கோஜிகி சொன்ன அடிநீர், நடுநீர், மேல்நீர்த் தெய்வங்கள் மூன்றும் இங்கேதான் இருக்கின்றன. பரம்பரைப் பூசாரிக் குடும்பத்தின் பெயர் அஸுமி. அவர்கள் அதை எழுதுவதும் 'அமைதி' போடாமல், வெறும் ஒலிக்காக வைத்த பழைய எழுத்தில்.

ஏப்ரலிலும் நவம்பரிலும் 15ஆம் தேதி இந்த ஆலயத்தில் ஒரு விழா நடக்கிறது. தீவைச் சேர்ந்தவர்கள் ஆலயத்தின் முன் கூடி, தீவின் மூன்று மலைகளையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுப்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள், கடல் தெய்வத்தின் வாசலில் நின்றுகொண்டு, "ஆரா, நல்ல மலை, அடர்ந்த மலை" என்று மலையைப் புகழ்கிறார்கள். விழாவின் பெயரே யாமாஹோமே, மலையை மெச்சுதல்.